இரவல் பெயர் – 14: சாட்சி நேரம்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சுகிர்தா வீட்டுப் புளுகு ஆறு வருஷம் ஓடிவிட்டது. அந்த வீட்டில் கெட்டிக்காரர் என்று ஒருவரும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

போன வாரம் கடிதம் வந்ததோடு நிறுத்தியிருந்தோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் சீட்டு முன்னும் பின்னும் நகர அடியில் போடும், ரயில் என்கிற இரும்புச் சட்டங்களைச் செய்யும் அந்தத் தொழிற்சாலை, கான்ட்ராக்ட் பெண்களில் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து நிரந்தரமாக்கப் போகிறது. தரம் பார்க்கிற வேலை. சனிக்கிழமை காலை பத்தரைக்கு நேர்காணல். கடிதத்தின் மேல் இருந்த பெயர் திருமதி ஜெனிபர்.

அந்த ஜெனிபர் வலது தொடையில் ஒரு கம்பியோடு வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். நேர்காணலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி சுகிர்தா.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கொரோனா வருஷத்தில் ஷிப்டு முடிந்து வரும்போது, சர்வீஸ் ரோட்டில் ஒரு பைக் மோதி ஜெனிபரின் தொடை எலும்பு முறிந்தது. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் லோகு வீட்டுக்கு வந்தான். "இடம் காலியா கீதுன்னு தெரிஞ்சா வேற ஆளப் போட்டுருவாங்க. ரெண்டே வாரம், உங்க ஊட்லருந்து யாராச்சும் அக்கா கார்டை மாட்டிக்கினு வரட்டும். மூஞ்சில பாதி மாஸ்க்கு, எவன் பாக்கப் போறான்?" என்றான். சுகிர்தா போனாள். ரெண்டு வாரம் ரெண்டு வருஷமானது. மாஸ்க்கைக் கழற்றும் காலம் வந்தபோது, ஜெனிபரைத் தெரிந்த பழைய ஆட்கள் போயிருந்தார்கள்; மற்ற எல்லோரும் அந்த முகத்தைத்தான் ஜெனிபர் என்று கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள்.

சனிக்கிழமை எளாவூர் காலனி வீட்டில் விடிந்ததிலிருந்து ஒத்திகை. வாத்தியார், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் சாராள். கையில் போனை வைத்துக்கொண்டு அம்மாவை ஆட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்து நிக்காதம்மா. உக்காந்துக்கினே சொல்லு. இது இன்டர்வியூ, சர்ச் இல்ல."

"பெரிய ஆபீசருங்க முன்னாடி உக்காந்துக்கினா பேசுவாங்க?"

"அப்படித்தான் பேசுவாங்க. ஃபர்ஸ்ட் பேரு. அப்புறம் படிப்பு, அப்புறம் எக்ஸ்பீரியன்ஸ். உன்னால இன்னா முடியும்னு ரெண்டு லைன். தேங்க் யூ சொல்லிட்டு நிறுத்திடு. கதை சொல்லக் கூடாது. எங்க, சொல்லு பாப்போம்."

சுகிர்தா தொண்டையைச் செருமினாள். "குட் மார்னிங் சார். குட் மார்னிங் மேடம். மை நேம் ஈஸ்..."

அதற்கு மேல் வரவில்லை. மூன்று நாளாக இதே இடத்தில்தான் வண்டி நிற்கிறது.

அடுப்படியிலிருந்து ஜெனிபர் குரல் கொடுத்தாள். "ஜெனிபர்னு சொல்லேன்டி! இன்னா, என் பேரைச் சொல்ல நாக்கு கூசுதா? ஆறு வருஷமா அதைச் சொல்லித்தான கூப்ட்டுக்கினு கீறாங்க?"

"கூப்பிடறது அவங்க அண்ணி. நான் வாயால சொன்னதே இல்ல."

அது உண்மைதான். தொழிற்சாலையில் யாரும் அவளிடம் பெயர் கேட்டதில்லை. கழுத்தில் தொங்கிய கார்டு அவளுக்காகப் பேசிவிடும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். பரிசோதித்த பெட்டியின் சீட்டில் 'ஜெ' என்று ஒற்றை எழுத்தைப் போடுவாள். 'என் பெயர் ஜெனிபர்' என்று முழுசாக ஒரு பொய்யை வாயைத் திறந்து சொல்ல வேண்டிய நாள் இப்போதுதான் வந்திருக்கிறது.

ஜெனிபர் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கையில் பிளாஸ்டிக் கவர். உள்ளே அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அவளுடைய ஆதார்.

"அத்த, ஆதார்ல உன் போட்டோ கீதே!" என்றாள் சாராள்.

"ஆதார் போட்டோல எவ மூஞ்சி எவளுக்குத் தெரிஞ்சிது? அதுல நான் உங்கம்மா மாதிரியும் கீறேன், செத்துப்போன எங்க பெரியம்மா மாதிரியும் கீறேன். போ, ஒண்ணும் ஆவாது."

சுகிர்தா கவரை வாங்கவில்லை. "அண்ணி, இது கான்ட்ராக்ட் இல்ல, பர்மனென்ட். ரிட்டையர் ஆவற வரைக்கும் நான் நீங்களா இருக்கணும்."

"இருந்துட்டுப் போயேன். ஊட்ல தோசை சுடறதுக்கு எனக்குப் பேரு எதுக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சுகிர்தா பார்த்துவிட்டாள்.

நாத்தனார் என்றாலே மூக்கைச் சுளிக்கிற ஊர் இது. ஜெனிபரோ புருஷன் விட்டுப் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். ஒரு நாள்கூட அதிகாரம் செய்ததில்லை. தான் எட்டு வருஷம் நின்று சம்பாதித்த இடத்தை, கட்டிலில் படுத்தபடியே கழற்றித் தம்பி மனைவியின் கழுத்தில் மாட்டிவிட்டாள். தன் கால் தேறியதும் திருப்பிக் கேட்கவும் இல்லை. அந்த நன்றி சுகிர்தாவின் நெஞ்சில் ஆறு வருஷமாக இருக்கிறது. ஆனால் அதை வெளியே சொல்ல ஓர் இடம் கிடைத்ததில்லை.

இடம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய ஜெப வீட்டில் மாதக் கடைசி ஞாயிறு சாட்சி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து நிற்கலாம். முதலில் ஸ்தோத்திரம், பிறகு தன் பெயர், பிறகு ஆண்டவர் செய்த நன்மை, கடைசியில் நன்றி. மகள் நல்ல மார்க் வாங்கியதற்குச் சுகிர்தா சாட்சி சொல்லியிருக்கிறாள். புருஷன் பீட்டர் ஓட்டும் லாரி ஆந்திராவில் கவிழ்ந்தும் அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் போனதற்குச் சொல்லியிருக்கிறாள். வீட்டில் உலை கொதிக்க வைக்கும் இந்த வேலைக்கு மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யார் பெயரில் கிடைத்த வேலை என்று சொல்லாமல் அந்தச் சாட்சியை எப்படி ஆரம்பிப்பது?

"மணியாச்சு. தலையக் குனி," என்றாள் ஜெனிபர். உச்சந்தலையில் கை வைத்துக் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இவளுக்கு இங்கிலீஷும் வராது, பொய்யும் வராது. இவ வாயில இருந்து நீரே பேசும். ஆமென்."

பிளாஸ்டிக் கவரைச் சுகிர்தாவின் பையில் அவளே திணித்தாள்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது பீட்டரின் போன். ஒங்கோல் தாண்டி டீ குடிக்க நிறுத்தியிருந்தான். "அக்கா சொல்ற மாதிரி செஞ்சிடு. பயப்படாத," என்றான். அதற்கு மேல் அவனுக்கும் பேசத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது, வைத்துவிட்டான்.

கேட்டுக்கு எதிரே பைக்கில் சாய்ந்தபடி லோகு நின்றான். ராத்திரி தூங்கியவன் முகமாக இல்லை.

"அக்கா, ஒரே ஒரு பேரு. அத மட்டும் கரெக்டா சொல்லிட்டு வந்துடு. மத்ததெல்லாம் உன் வேலையே பேசும். மாத்திச் சொன்னேன்னு வையி, ஒரே பேஜாரு. நாளைக்கு இந்த கேட்ல நீயும் இல்ல, நானும் இல்ல. ஜெனிக்கா காலுக்கு மாத்திர வாங்கற இ.எஸ்.ஐ. கார்டும் இல்ல. அந்தக் கம்பிய எடுக்க அடுத்த மாசம் ஆபரேஷன்னு சொன்னாங்களே, அதையும் நெனச்சுக்கோ."

லோகுவைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு அவன் வீடு தேடி வராமல் இருந்திருந்தால் அந்த வருஷம் என்ன சாப்பிட்டிருப்போம் என்று சுகிர்தா பல தடவை நினைத்திருக்கிறாள். அவனுக்கும் ரெண்டு பெண் குழந்தைகள்.

"சரி தம்பி," என்றாள்.

வாட்ச்மேன் அப்பாவு கார்டைப் பார்க்காமலேயே கதவைத் திறந்தார். "வா ஜெனிபர். இன்னா, கல்யாணப் பொடவைல வந்துகினு கீற? வேலை உனக்குத்தான், போ."

மாடியில் நேர்காணல் அறைக்கு வெளியே நாற்காலிகள். நந்தினி அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தாள். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறாள், சுகிர்தாவின் பக்கத்து மேசை.

"ஈஸிக்கா! இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன், நாலாவது லைன்ல மறந்துட்டேன். எங்க நைனாவுக்கு மூணு ஏக்கர் நெல்லு, எனக்குச் சேத்துல எறங்கப் புடிக்கலன்னு தமிழ்லயே சொல்லிட்டேன். சிரிச்சிட்டாங்க. உனக்கு இன்னாக்கா, லைன்லயே நீதான் பெஸ்ட்டு. ஜெனிக்கான்னா யாருக்குத் தெரியாது?"

சுகிர்தா கழுத்தில் தொங்கிய கார்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தாள். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

"ஜெனிபர்!"

மேசைக்குப் பின்னால் ரெண்டு பேர். ஒருவர் உற்பத்தி மேலாளர் ஆதிகேசவன். நெற்றியில் திருமண், எதிரே டீ. அவர் முன்னாலேயே புன்னகை செய்து வைத்திருந்தார். பக்கத்தில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த மேடம். ஐம்பது வயதிருக்கும். நரையைச் சாயம் பூசி மறைக்காதவர்.

"உட்காருங்கம்மா. உங்களைப் பத்திச் சொல்லுங்க," என்றார் மேடம்.

உட்கார்ந்தாள். சாராள் சொல்லிக் கொடுத்தபடி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குட் மார்னிங் சார். குட் மார்னிங் மேடம். மை நேம் ஈஸ்..."

வண்டி நின்றுவிட்டது.

ஆதிகேசவன் டீயைத் தள்ளி வைத்துவிட்டு, "பயப்படாதம்மா. இவங்க வேலை சுத்தம் மேடம், பேச்சுதான் கொஞ்சம் கம்மி," என்றார்.

"தமிழ்லயே சொல்லுங்க. எங்களுக்கு உங்க இங்கிலீஷ் வேணாம், நீங்க யாருன்னு தெரிஞ்சா போதும்," என்றார் மேடம்.

நீங்க யாரு. அந்தக் கேள்வி அவளை எழுப்பி நிறுத்திவிட்டது. நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டாள். சேலைத் தலைப்பு தானாகத் தலைக்குப் போனது. கைகள் நெஞ்சுக்கு நேராகக் கூடின. கண் மூடிக்கொண்டது. எழுந்து நின்று தன்னைப் பற்றிச் சொல்ல அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான். மகளின் மூன்று நாள் பாடத்தை, இருபது வருஷத்துக் கடைசி ஞாயிறுகள் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டன.

"கர்த்தருடைய பரிசுத்த நாமத்துக்கு ஸ்தோத்திரம். என் பேர் சுகிர்தா."

சொல்லி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கே விளங்கியது.

மேடம் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "இதுல ஜெனிபர்னு இருக்கே?"

"சொல்லிடறேம்மா. முழுசா சொல்லிடறேன். நடுவுல நிறுத்தினா மறுபடி எனக்குத் தைரியம் வராது."

மேடம் ஆதிகேசவனைப் பார்த்தார். ஆதிகேசவன் சுவரைப் பார்த்தார்.

"ஜெனிபர் எங்க நாத்தனார். எட்டு வருஷம் இங்க நின்னு வேலை செஞ்சவங்க. கொரோனா அப்ப கால் ஒடிஞ்சு படுத்துட்டாங்க. அவங்க கார்டைப் போட்டுக்கினு நான் வந்தேன். ரெண்டு வாரம்னுதான் வந்தேன். எங்க ஊட்டுக்காரருக்கு அப்போ லாரி ஓடல, சின்னப் புள்ள கீது. அவங்க படுக்கைல இருந்துக்கினே, 'நான் போனா இன்னா, நீ போனா இன்னா, அடுப்பு ஒண்ணுதான'ன்னாங்க. ஆறு வருஷம் அவங்க பேர்ல சாப்பிட்டேன். அதுக்கு ஆண்டவருக்கு நன்றி. எங்க அண்ணிக்கும் நன்றி."

பேச்சு நிற்கவில்லை. ஒரு தடவை மடை திறந்தால் சாட்சிக்கு அதுதான் குணம்.

"அவங்க பேர்ல வந்ததால நான் பயந்து பயந்து வேலை செஞ்சேம்மா. என் பேருன்னா ஒரு பீஸ் தப்பா போனா போவட்டும்னு இருந்திருப்பனோ என்னவோ. இது அவங்க பேராச்சே, கெட்டுப் போவக் கூடாதேன்னு ஒவ்வொரு ரயிலையும் ரெண்டு வாட்டி பாப்பேன். கேஜ் போட்டு அளவு பாக்கறது எல்லாரும் செய்யறது. நான் வெல்டிங் பக்கத்துல ஸ்பானரால லேசா தட்டியும் பாப்பேன். நல்ல வெல்டுன்னா ஒரு சத்தம் வரும். உள்ள விரிசல்னா சத்தம் அடச்சுக்கும்."

"அதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார் மேடம்.

"எங்க அண்ணிதாம்மா. ஊட்ல ரெண்டு டம்ளர வச்சுத் தட்டிக் காட்டினாங்க. ஒண்ணு நல்லது, ஒண்ணு கீறல் விட்டது. ஒரு வாரம் அதையே கேக்க வச்சாங்க."

மேடம் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

"போன வருஷம் முந்நூத்தி இருவது பீஸ் வந்துது. கேஜ்ல எல்லாம் பாஸ். சத்தம் மட்டும் சரியில்ல. நான் சீட்டு போட மாட்டேன்னு நின்னுட்டேன். வண்டி வந்து வெளிய நிக்குது, நாப்பது நிமிஷம் லைன் நின்னுது. சார் வந்து எல்லார் முன்னாடியும் திட்டினாரு."

ஆதிகேசவன் நெளிந்தார்.

"அறுத்துப் பாத்தா உள்ள விரிசல். வெல்டிங் கம்பி மாறிப் போயிருந்துது. சாயங்காலம் சாரே திரும்பி வந்து, திட்டின அதே எடத்துல நின்னு, 'ஜெனிபர் சொன்னதுதான் சரி, தப்பு என்னுது'ன்னாரு. எந்த மேனேஜர் அப்படிச் சொல்லுவாரு? அதுக்கு சாருக்கு நன்றி. அன்னைக்கு எனக்கு ரொம்ப சந்தோஷம். ஊட்டுக்குப் போயி அழுதுட்டேன், ஏன்னா என் பேரைச் சொல்லி யாரும் பாராட்டல. அது யார் மேலயும் தப்பு இல்ல. என் பேரு இங்க யாருக்கும் தெரியாது."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"நான் பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். அந்த சர்டிபிகேட்டு இந்தப் பைல இல்ல, இந்தப் பைல கீறதெல்லாம் எங்க அண்ணியுது. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான். வேலை குடுத்தாலும் நன்றி, குடுக்கலன்னாலும் இத்தினி நாள் சோறு போட்ட எடத்துக்கு நன்றி. ஆமென்."

"ஆமென்," என்றார் ஆதிகேசவன்.

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தார். திருமண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? ஒருத்தர் கார்டுல இன்னொருத்தர். உள்ள உங்களுக்கு ஒரு விபத்து நடந்திருந்தா யார் குடும்பத்துக்குச் சொல்லுவோம்?"

"தெரியும்மா. தெனமும் கேட்டுக்குள்ள வரும்போது அதை நெனப்பேன்."

"சொல்லிட்டா வேலை போயிடும்னும் தெரியும்?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொன்னீங்க? யாரும் கண்டுபிடிக்கலையே."

சுகிர்தா மனசில் இருந்ததைச் சொன்னாள்.

"நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துதும்மா. அடுத்தவங்க பேரை வச்சிக்கினு நன்றி சொல்ல வரல."

மேடம் கையை நீட்டினார். "கார்டைக் கொடுங்க."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். ஆறு வருஷத்தில் அந்த நாடா ரெண்டு தடவை அறுந்து, ஜெனிபர்தான் ரெண்டு தடவையும் தைத்துக் கொடுத்தாள். முடிச்சு கழுத்துக்குப் பின்னால் உறுத்தும். இப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"இப்போ நான் எதுவும் சொல்ல முடியாது. போகும்போது விசிட்டர் ரிஜிஸ்டர்ல எழுதிட்டுப் போங்க."

கேட்டில் லோகுவின் பைக் இல்லை. அப்பாவு ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார், ஒன்றும் புரியாமல்.

"கார்டு எங்க ஜெனிபர்?"

"குடுத்துட்டேண்ணே. வெளியாளுங்க எழுதற நோட்டுல எழுதச் சொன்னாங்க."

பெயர் என்ற கட்டத்தில் எழுதினாள். சு, கி, ர், தா. எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. அப்பாவு குனிந்து படித்தார்.

"யாரும்மா சுகிர்தா?"

"நான்தாண்ணே. ஆறு வருஷமா தெனமும் கதவு தொறந்து உட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

அவர் வாயைப் பிளந்தபடி நின்றார். அவள் ரோட்டைக் கடந்து லோகுவுக்குப் போன் போட்டாள். மூன்று தடவையும் சுவிட்ச் ஆஃப்.

ஷேர் ஆட்டோ எளாவூரை நெருங்க நெருங்கத்தான் பயம் வந்தது. அதுவரை நெஞ்சு லேசாக இருந்தது, ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள். செக்போஸ்ட்டில் வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்ததும் பீட்டர் ஞாபகம், அவனைத் தொட்டு அண்ணி ஞாபகம், அண்ணியைத் தொட்டு அந்தக் கம்பி. நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று போய், யாருக்கு நன்றி சொன்னேனோ அவளுடைய காலையே வாரிவிட்டேனே!

ஜெனிபர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சாராள் ஓடி வந்தாள். "இன்னாம்மா ஆச்சு? உக்காந்துக்கினே சொன்னியா?"

"நின்னுட்டேன்," என்றாள் சுகிர்தா. "என் பேரையே சொல்லிட்டேன்."

சாராள் தலையில் கை வைத்தாள். சுகிர்தா ஜெனிபரின் காலடியில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். கார்டை வாங்கிக்கொண்டதைச் சொன்னாள். ஆபரேஷனுக்கு இனி வேறு வழி பார்க்க வேண்டும் என்றாள். "நீங்கதான அண்ணி வேண்டிக்கினீங்க, அவரையே பேசச் சொல்லி," என்றும் சேர்த்துக்கொண்டாள், அடி விழுந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று.

ஜெனிபர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"என்னப் பத்தி அங்க இன்னா சொன்னே? திருப்பிச் சொல்லு."

சுகிர்தா சொன்னாள். அடுப்பு ஒண்ணுதான என்றதை. டம்ளர் தட்டிக் காட்டியதை. அவங்க பேராச்சே, கெட்டுப் போகக் கூடாதே என்று ரெண்டு தடவை பார்த்ததை.

"டம்ளரயுமா சொன்னே?"

"ஆமா."

"ஆபீசருங்க கேட்டாங்களா?"

"மேடம் எழுதிக்கினாங்க அண்ணி."

ஜெனிபரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. புறங்கையால் துடைத்தாள், மறுபடி கொட்டியது. "ஏன்டி, இத்தினியும் மனசுல வச்சிக்கினு யாரோ ஒரு மேடத்துகிட்ட போயி சொன்னியே. ஆறு வருஷமா ஒரே ஊட்ல கீறமே, எங்கிட்ட ஒரு நாளு சொன்னா நான் கேக்க மாட்டேன்னா சொன்னேன்?"

சுகிர்தாவுக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வாட்ச்மேனுக்குக்கூடச் சொன்னாள். இவளிடம் மட்டும் இன்றுவரை சொல்லவே இல்லை.

"நன்றி அண்ணி," என்று அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"போடி. கம்பி கீற காலு, அந்தப் பக்கம் சாயி," என்றாள் ஜெனிபர். ஆனால் தலையைத் தடவிய கையை எடுக்கவில்லை. "காலு போனா போவது. நடந்துக்கினுதான கீறேன்."

மூன்று மணி சுமாருக்குப் போன் அடித்தது. புது எண். சாராள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுகிர்தாதானே?"

ஆதிகேசவன் குரல். அந்தக் குரல் அந்தப் பெயரைச் சொல்லி இதுதான் முதல் தடவை. சாராள் அம்மாவின் இடுப்பில் குத்தினாள்.

"ஆமா சார். சுகிர்தாதான் பேசறேன்."

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வா. உன்னோட சர்டிபிகேட்டை எடுத்துக்கினு வா. உங்க நாத்தனாரையும் கூட்டிக்கினு வா."

"அண்ணியா? அவங்க எதுக்கு சார்?"

"எனக்கும் சரியாத் தெரியலம்மா. நல்லதுக்கா கெட்டதுக்கான்னு கேக்காத. மேடம் கான்ட்ராக்டர உடனே வரச் சொல்லிட்டாங்க, அது வேற விஷயம். உன் ஃபைல மூடி வைக்கல. பக்கத்துல புதுசா இன்னொரு ஃபைல் எடுத்து வச்சாங்க. 'சத்தத்த வச்சு வெல்டு பாக்கச் சொல்லிக் கொடுத்தவங்க யாருன்னு அவங்க வாயாலயே கேக்கணும்'னு சொன்னாங்க. படி ஏற முடியலன்னா கீழயே உக்காந்து பேசறாங்களாம். வச்சிடறேன்."

போன் அணைந்தது. மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னாடி இது? என்ன எதுக்குக் கூப்பிடறாங்க? நான் யாருன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள் ஜெனிபர்.

சாராள் ஏற்கெனவே எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு நாளு கீது அத்த. ஃபர்ஸ்ட் பேரு. அதச் சொல்லு. உக்காந்துக்கினே சொல்லு."

ஜெனிபர் உட்கார்ந்து சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்து, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு எழுந்தாள். சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் பேரு ஜெனிபர்."

ஆறு வருஷம் கழித்து அந்தப் பெயர் அவளிடமே திரும்பி வந்திருந்தது. மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் அதையே இன்னொரு தடவை சொன்னாள்.